யார் பேரில் பற்று எழுதுவது? பொது சர்வரில் ஆளுக்கு இவ்வளவு ரேம் என்று கட்டிய கதை

“அண்ணா, சர்வர் செத்துப்போச்சா?” என்று முதல் செய்தி வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் அதே கேள்வி இன்னும் நாலு பேரிடமிருந்து. பிங் போட்டால் (இயந்திரம் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) பதில் வருகிறது. தொலைவிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்ஹெச் போட்டால் கடவுச்சொல் கேட்கும் இடம்வரைகூடப் போகவில்லை. பிங்குக்கு இயங்குதளத்தின் உட்கருவான கர்னலே பதில் சொல்லிவிடும், அதற்கு எந்த நிரலும் ஓட வேண்டியதில்லை. ஆக, இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சுவிடத்தான் இடமில்லை.

128 ஜிபி ரேம், 16 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது கைகொடுக்க வட்டில் ஒதுக்கிய இடம்), இருபது பேருக்குக் கணக்கு இருக்கும் சர்வர். லினக்ஸில் டெபியன் 12. ஆளாளுக்கு பைத்தான், ஆர், ஜாவா என்று ஏதாவது ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சர்வரின் சொந்தத் திரையான கன்சோலில் போய், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்று தட்டிவிட்டு உட்கார்ந்தேன். கடவுச்சொல் கேட்கவே நாலு நிமிடம் ஆனது. உள்ளே போவதற்குள் கர்னல் தானே யாரையோ கொன்று இடம் பண்ணிக்கொண்டது, சர்வர் மெல்ல எழுந்தது.

ஏன் அவ்வளவு நேரம் தொங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் எடுத்த முடிவெல்லாம் இதிலிருந்து வந்தவைதான். ரேம் தட்டுப்பட்டால் கர்னல் உடனே கொலைக்குப் போவதில்லை. எதைத் தூக்கிப்போட்டால் திரும்ப வட்டிலிருந்து படித்துக்கொள்ளலாமோ, அதை முதலில் தூக்கிப்போடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறிமுறைப் பக்கங்களும் அந்த வகையில்தான் சேர்த்தி. அதனால் எஸ்எஸ்ஹெச் சேவையின் சொந்தக் குறிமுறையே ரேமிலிருந்து போய்விடுகிறது. நீங்கள் லாகின் செய்யும்போது அதை வட்டிலிருந்து படிக்க வேண்டும், படித்து முடிப்பதற்குள் மறுபடி தூக்கிப்போடப்படுகிறது. எல்லா நிரலுக்கும் இதே கதி. கர்னலின் கண்ணுக்கு “இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது”. நமக்கோ சர்வர் செத்துவிட்டது.

சரி, கொன்றது யாரை? பதிவேட்டைப் பார்த்தால் வயிறு எரிந்தது. ஒருவர் பைத்தானில் 24 துணைச் செயல்களைக் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒவ்வொன்றும் ஒரு செயல்) கிளப்பியிருந்தார். ஒவ்வொன்றும் வளர்ந்து வளர்ந்து நாலரை ஜிபி. மொத்தம் 108. இன்னொருவர் ஒரே செயலில் 30 ஜிபி வைத்துக்கொண்டு இரண்டு நாளாக ஒரு கணக்கீட்டை அமைதியாக ஓட்டிக்கொண்டிருந்தார். நினைவகம் தீர்ந்தால் கொலைக்கு இறங்கும் கர்னலின் ஓஓஎம் கில்லர் பார்ப்பது செயலைத்தான், ஆளை அல்ல. எந்த ஒற்றைச் செயல் பெரிதோ அதன் கழுத்தில் கத்தி. 30 ஜிபிக்காரர் போனார், 108 ஜிபிக்காரர் பிழைத்தார்.

ஆக எனக்கு வேண்டியது, ஓர் ஆளின் எல்லாச் செயல்களையும் ஒரே பேரில் பற்று எழுதும் கணக்குப் புத்தகம்.

யூலிமிட்: தப்பான கதவு

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது யூலிமிட் வரம்புகளை எழுதிவைக்கும் லிமிட்ஸ் கோப்பைத்தான். இடிசி அடைவில், செக்யூரிட்டி என்ற துணை அடைவுக்குள் இருக்கும். அதில் ‘ஆர்எஸ்எஸ்’ என்று ஓர் உருப்படி உண்டு. பெயரைப் பார்த்தால் நமக்காகவே வைத்தது போல இருக்கும், ஒரு செயல் ரேமில் உண்மையாக வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு. போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கையேட்டைப் படித்தால், 2.4.30 கர்னல் முதல் லினக்ஸ் அந்த வரம்பைக் கண்டுகொள்வதே இல்லை. பல வருடங்களாகச் செத்துக் கிடக்கும் உருப்படி, கோப்பில் மட்டும் இன்னும் பெயர் இருக்கிறது.

அடுத்தது ‘ஏஎஸ்’, அதாவது முகவரி இடத்துக்கு வரம்பு. இது வேலை செய்யும். 16 ஜிபி வைத்தேன். மறுநாளே மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஜாவா கிளம்பவே இல்லை. இன்னொருவர் சி நிரலில் நினைவகப் பிழை தேட அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்துத் தொகுத்திருந்தார், அது ஆரம்பத்திலேயே விழுந்தது. காரணம் ஒன்றுதான். முகவரி இடம் வேறு, ரேம் வேறு. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, பல நிரல்கள் முகவரிகளைப் பெருவாரியாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். உட்காருவது நாலு இருக்கையில் மட்டும். சானிடைசர் போடும் துண்டு பல டெராபைட் நீளம், ரேமில் தொடுவது அதில் தூசி. யூலிமிட் துண்டை எண்ணுகிறது, உட்கார்ந்த ஆளை எண்ணுவதில்லை.

இதைவிடப் பெரிய கோளாறு, அந்த வரம்பு ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி. 24 செயல், ஒவ்வொன்றும் நாலரை ஜிபி. எதுவும் 16-ஐத் தொடவில்லை. குற்றவாளி ஜம்மென்று உள்ளே போகிறார், அப்பாவிகள் வாசலில் நிற்கிறார்கள். அந்த வரியை அன்றே எடுத்துவிட்டேன். லிமிட்ஸ் கோப்பில் ஆள்வாரியாக எண்ணும் உருப்படி ஒன்று உண்டு, ‘என்ப்ராக்’, செயல்களின் எண்ணிக்கை. அதை மட்டும் விட்டுவைத்தேன்.

சிகுரூப்

சரியான கருவி கர்னலுக்குள்ளேயே 2008 முதல் இருக்கிறது. கூகுளில் தொடங்கி 2.6.24 பதிப்பில் சேர்ந்த சிகுரூப். செயல்களைக் குழுவாகக் கட்டி, குழுவுக்கு வரம்பு வைப்பது. அதன் இரண்டாம் பதிப்பு 2016-இல் 4.5 கர்னலோடு வந்தது. முன்பெல்லாம் விதிக்கோப்பு எழுதி, செயல்களைக் குழுக்களுக்குள் தள்ள ஒரு தனிச் சேவையை ஓட்டி, அது தள்ளுவதற்குள் செயல் தப்பித்துவிட்டதா என்று பார்த்து அல்லாட வேண்டியிருந்தது. இப்போது சேவைகளையும் லாகின்களையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்த வேலையைத் தானே செய்கிறது. நீங்கள் லாகின் செய்த நொடியே உங்கள் பயனர் எண்ணில் ஒரு ஸ்லைஸ், அதாவது ஒரு குழு, பிறக்கிறது. எண் 1007 என்றால் ‘யூசர்-1007.ஸ்லைஸ்’. அவர் பத்து டெர்மினல் திறந்தாலும், ஆள் போன பிறகும் வேலையை ஓடவைக்கும் டிமக்ஸில் விட்டுவிட்டுப் போனாலும், எல்லாம் அதற்குள். அந்த ஸ்லைஸ்கள் எல்லாம் ‘யூசர்.ஸ்லைஸ்’ என்ற தாய்க்குள். சேவைகள் எல்லாம் பக்கத்தில் ‘சிஸ்டம்.ஸ்லைஸ்’ என்ற வேறு தாய்க்குள்.

கணக்குப் புத்தகம் ஏற்கெனவே எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வரம்பு மட்டும்தான் யாரும் வைக்கவில்லை. ‘சிஸ்டம்டி-சிஜிடாப்’ என்று அடித்தால் யார் பேரில் எவ்வளவு என்று அப்படியே வரிசையாக வருகிறது. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் டாப் கட்டளையில் செயல் செயலாகக் கூட்டிக்கொண்டிருந்தேனே என்று இருந்தது.

உங்கள் சர்வர் இரண்டாம் பதிப்பில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சிஸ் அடைவில் எஃப்எஸ், அதற்குள் சிகுரூப். அந்த இடத்தின் கோப்புமுறை வகை ‘சிகுரூப்2எஃப்எஸ்’ என்று வந்தால் சரி. ‘டிஎம்பிஎஃப்எஸ்’ என்று வந்தால் பழையது. டெபியன் 11, உபுண்டு 22.04, ரெட்ஹேட் 9 முதல் புதியதுதான் இயல்பு.

எல்லாப் பயனருக்கும் பொதுவாக வரம்பு வைக்க, இடிசிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம், அதற்குள் ‘யூசர்-.ஸ்லைஸ்.டி’ என்று ஓர் அடைவு. யூசருக்குப் பிறகு ஒரு கோடு, எண் இல்லை, உடனே புள்ளி. பார்க்க எழுத்துப்பிழை போலத்தான் இருக்கும், ஆனால் எண் இல்லாமல் விட்டதால்தான் எல்லா எண்ணுக்கும் பொருந்துகிறது. சிஸ்டம்டி 239 முதல் இந்த வசதி உண்டு. உள்ளே நான் முதலில் வைத்த கோப்பு இது. கோப்பில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும், இங்கே ஒலிப்பை மட்டும் தமிழில் எழுதுகிறேன்:

[ஸ்லைஸ்]
மெமரிஹை=22ஜி
மெமரிமேக்ஸ்=24ஜி
மெமரிஸ்வாப்மேக்ஸ்=2ஜி

மேக்ஸ் என்பது தாண்ட முடியாத வேலி, ஹை அதற்கு முன்பே மெதுவாக்கும் கோடு. பிறகு, கோப்புகளைச் சிஸ்டம்டி மறுபடி படிக்க, ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’. ஏற்கெனவே லாகின் செய்திருப்பவர்களுக்கும் அந்த நொடியே வரம்பு இறங்கிவிடும். அதனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒருவர் அந்த நேரத்தில் 40 ஜிபியில் இருந்தால் கர்னல் முடிந்ததைப் பிடுங்கிப் பார்க்கும், முடியாவிட்டால் கொல்லும்.

ஸ்வாப் வரியை மறக்கக் கூடாது. ரேமுக்கு மட்டும் வேலி போட்டு ஸ்வாப்பைத் திறந்துவிட்டால், 24-ஐத் தாண்டியவர் அப்படியே 16 ஜிபி ஸ்வாப்பையும் தின்று வட்டையும் தேய்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்களுக்கு வலி அப்படியேதான் இருக்கும்.

சோதனையில் பட்ட அடிகள்

சோதிக்க நல்ல சுலபமான வழி, டெவ்-ஜீரோவிலிருந்து 30 ஜிபியை ஹெட் கட்டளையால் எடுத்து டெயில் கட்டளைக்குக் குழாயில் விடுவது. டெயில் கடைசிப் பத்து வரிகளைக் காட்ட வேண்டும். வருவதெல்லாம் வெறும் சுழியம், வரிமுறிவே கிடையாது. எங்கே வரி முடிகிறது என்று தெரியாமல் பாவம், மொத்தத்தையும் ரேமில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

ரூட்டாக இருந்துகொண்டு, ‘எஸ்யூ’ போட்டுச் சோதனைக் கணக்குக்கு மாறி ஓட்டினேன். 24 தாண்டியது. 28 தாண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. கோப்பில் எழுத்துப்பிழையா, ரீலோட் ஆகவில்லையா என்று ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் அந்த ஷெல்லிலிருந்தே ப்ராக் அடைவில் செல்ஃப், அதற்குள் உள்ள சிகுரூப் என்ற கோப்பைக் காட்டச் சொன்னேன். வந்த விடை ‘யூசர்-0.ஸ்லைஸ்’. ஆள் மாறினான், புத்தகம் மாறவில்லை! எஸ்யூ, சூடோ எல்லாம் பயனர் எண்ணை மாற்றும். ஆனால் ஏற்கெனவே ஒரு லாகின் அமர்வுக்குள் இருக்கும் செயலுக்குச் சிஸ்டம்டி புது அமர்வு திறக்காது. பற்று இன்னும் ரூட் பேரில்தான் ஏறிக்கொண்டிருந்தது. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளூரிலேயே அந்தக் கணக்கில் நுழைந்ததும் ‘யூசர்-1021.ஸ்லைஸ்’ என்று வந்தது. இந்த ஒரு கோப்பைப் பார்க்கும் பழக்கம் பிறகு பத்து இடத்தில் கைகொடுத்தது.

ஒரு நிமிடம். சோதனையில் 28 ஜிபி வரை போனது ரூட் பேரில் என்றால், ரூட்டின் ஸ்லைஸுக்கு மட்டும் ஏன் வரம்பு வேலை செய்யவில்லை? ‘யூசர்-.ஸ்லைஸ்.டி’ எண் 0-க்கும் பொருந்தத்தானே வேண்டும்? பொருந்தும். நான் கோப்பை எழுதியதே கன்சோல் ரூட் அமர்வில்தான். மாற்றிய பிறகு ரீலோட் கொடுக்காமலே முதல் சோதனையை ஓட்டியிருக்கிறேன். கட்டளை வரலாறு காட்டிக்கொடுத்தது. இரண்டு தவறு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நின்றன. ரீலோட் கொடுத்ததும் ரூட்டுக்கும் 24 ஜிபி வரம்பு ஏறிவிட்டது. நடுராத்திரி நெருக்கடியில் சர்வரை மீட்க வருகிறவன் கையையே கட்டிவைத்தது போல. ‘யூசர்-0.ஸ்லைஸ்.டி’ என்று தனி அடைவு போட்டு, மூன்று வரம்பையும் ‘இன்ஃபினிட்டி’ என்று எழுதி ரூட்டை விடுவித்தேன்.

சரி, எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து அதே சோதனை. 22 ஜிபி வரை பறந்தது. அப்புறம் ஸ்வாப்பில் 2 ஜிபி நிறைந்தது. அதன் பிறகு? சாகவும் இல்லை, நகரவும் இல்லை. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தாலும் 22-ஐச் சொச்சம் தாண்டி நிற்கிறது.

மெமரிஹை செய்வது அதைத்தான். அதைத் தாண்டியவரைக் கர்னல் கொல்லாது. பக்கங்களைப் பிடுங்கப் பார்க்கும், பிடுங்க ஒன்றும் இல்லை என்றால் செயலைத் தூங்கவைக்கும். தாண்டத் தாண்டத் தூக்கம் நீளும், ஒரு தடவைக்கு இரண்டு விநாடி வரை. ஸ்வாப் தாராளமாக இருக்கும் இடத்தில் இது அருமையான ஏற்பாடு. எங்களைப் போல ஸ்வாப்பை 2 ஜிபிக்குக் குறுக்கினால் ஆள் மேக்ஸை எட்டவே மாட்டார், திரிசங்கு போல நடுவில் தொங்குவார். இரண்டு நாள் கழித்து ஒருவர், “அண்ணா, நேத்து போட்ட ஜாப் இன்னும் ஓடிட்டே இருக்கு” என்று வந்தார். ஓடவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. அவர் ஸ்லைஸில் உள்ள ‘மெமரி.பிரஷர்’ கோப்பில் கடைசிப் பத்து விநாடிச் சராசரி 97-ஐத் தாண்டி நின்றது. நூறு விநாடியில் 97 விநாடி நினைவகத்துக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

மெமரிஹையை எடுத்துவிட்டேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிறைய பேர், பெரிய தளங்களில் மெதுவாக்கிவிட்டு மேலாளர் நிரல் தலையிடட்டும் என்பார்கள். எங்களிடம் தலையிட ஆள் நான் ஒருவன், நானும் தூங்குவேன். பட்டென்று செத்தால் ஆளுக்குக் காரணம் தெரியும், அளவைக் குறைத்து மறுபடி போடுவார். மேக்ஸைத் தொட்டாலும் உடனே கொலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். படித்த கோப்புகளின் தற்காலிகச் சேமிப்பும் அவர் பேரில்தான் பற்று. கர்னல் முதலில் அதைக் கழற்றும், கழற்ற ஒன்றும் இல்லாதபோதுதான் கத்தி. இது தெரியாமல், “என் நிரல் 3 ஜிபிதான், ஆனால் என் பேரில் 24 காட்டுகிறது” என்று சண்டைக்கு வந்தவரும் உண்டு. ‘மெமரி.ஸ்டாட்’ கோப்பில் ‘அனான்’ (நிரல் தானே வைத்திருப்பது) 3, ‘ஃபைல்’ (படித்த கோப்புகள்) 20. பெரிய கோப்பைப் படித்திருக்கிறார், அவ்வளவுதான். அனான் வரியைப் பாருங்கள், மற்றதை மறந்துவிடுங்கள் என்றேன்.

ஒரு வழக்கு மட்டும் அப்படி முடியவில்லை. ஒருவருக்கு எதைத் தொடங்கினாலும் உடனே செத்துவிடுகிறது. ஓடும் செயல் என்று பார்த்தால் ஒரு டிமக்ஸ், இரண்டு பாஷ். பேரில் இருப்பதோ 22 ஜிபி. ஸ்டாட் கோப்பில் ‘எஸ்ஹெச்மெம்’ (பகிர்வு நினைவகம்) என்ற வரியில் 21. டெவ் அடைவில் இருக்கும் எஸ்ஹெச்எம்மைத் திறந்தால், போன வாரம் செத்த பயிற்சி நிரல் விட்டுப்போன கோப்புகள் வரிசையாகக் கிடந்தன. அது வட்டு போலத் தோன்றும், உண்மையில் ரேம். செயல் செத்தாலும் கோப்பு சாகாது, பற்றும் போகாது. ஆள் முழுவதுமாக வெளியேறினால், லாகின் சேவையின் ‘ரிமூவ்ஐபிசி’ ஆம் என்றிருக்கும் பட்சத்தில் பெருக்கித் தள்ளியிருக்கும். இவர் டிமக்ஸை மூடியதே இல்லை. அழித்ததும் 21 ஜிபி ஒரு நொடியில் திரும்பி வந்தது.

விதிவிலக்கும் கோப்பின் எண்ணும்

இருபது பேருக்கு 24 என்றால் 480. இருப்பது 128. எல்லாரும் ஒரே நாளில் முழுதாகக் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கொடுக்கும் அளவு இது. 128-ஐ இருபதால் வகுத்து ஆளுக்கு 6 ஜிபி என்று கொடுத்தால் யாருக்கும் உதவாது, பாதி ரேம் எந்நாளும் சும்மா கிடக்கும். அந்த நம்பிக்கை பொய்க்கும் நாளுக்காகத்தான் தாய் ஸ்லைஸில் இன்னொரு வேலி. ‘யூசர்.ஸ்லைஸ்’ மொத்தத்துக்கும் மெமரிமேக்ஸ் 116 ஜிபி. பயனர்கள் என்ன ஆட்டம் ஆடினாலும் 12 ஜிபி சேவைகளுக்கு மிச்சம், எஸ்எஸ்ஹெச் கதவு அடைபடாது. ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் செய்யச் சொல்வேன், ஆள்வாரி வரம்பைக்கூட அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஒரு குறை உண்டு. தாய் வேலியில் முட்டினால் பழையபடி எல்லாருடைய செயல்களிலும் பெரியதுதான் சாகும். நாலு பேர் முழு அளவில் ஓட்டினாலும் 96தான், அதுவரை கவலை இல்லை.

பிறகு ஒருவருக்கு மூன்று நாளைக்கு 64 ஜிபி தேவைப்பட்டது. ‘சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ராப்பர்ட்டி’ என்று கட்டளை, ‘ரன்டைம்’ என்ற தெரிவோடு அவர் ஸ்லைஸின் பெயர், மெமரிமேக்ஸ்=64ஜி. அந்த நொடியே அமலுக்கு வந்துவிடும், சர்வரை மறுபடி தொடங்கினால் மறந்துவிடும். தற்காலிகச் சலுகைக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை என்று மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை அவர் வேலை செத்திருந்தது. பதிவேட்டில் நேரம் காலை ஆறரை. அதே நிமிடத்தில் தானியங்கிப் பாதுகாப்பு மேம்படுத்தல் ஒரு பொதியை நிறுவி, முடிவில் டீமன்-ரீலோட் கொடுத்திருக்கிறது. அவருடைய வரம்பைப் பார்த்தால் 24.

நான் பொதுக்கோப்புக்கு வைத்திருந்த பெயர் ‘90-’ என்று தொடங்கும். கடைசியில் வரட்டும், எல்லாவற்றையும் மீறட்டும் என்று பெருமையாக வைத்த எண். செட்-ப்ராப்பர்ட்டி தன் பங்குக்கு எழுதும் கோப்போ ‘50-மெமரிமேக்ஸ்’. ஒரு ஸ்லைஸுக்குப் பொருந்தும் கோப்புகளைச் சிஸ்டம்டி எந்த அடைவில் இருந்தாலும் கோப்புப் பெயரின் வரிசையில்தான் படிக்கும். குறிப்பிட்ட ஆளின் அடைவு, பொது அடைவு என்ற மரியாதை எல்லாம் கிடையாது. முதலில் 50 படித்து 64, அப்புறம் 90 படித்து 24. கட்டளை கொடுத்த கையோடு நேரடியாக வரம்பு மாறியதால் ஒருநாள் எல்லாம் சரியாக இருப்பது போல் தெரிந்தது. முதல் ரீலோட் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. ரூட் தப்பித்ததுகூடத் தற்செயல்தான், அதன் கோப்புக்கு நான் வைத்த பெயர் ‘95-’.

பொதுக்கோப்பை ‘20-’ என்று மாற்றினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இடையில் சேமித்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இருந்தது, நான் பிழைத்தேன்.

பின்வாசல்கள்

ஆள்வாரி வேலி என்பது லாகின் வழியாக வருகிறவர்களுக்குத்தான். அந்த வாசலைத் தொடாமல் ஒருவருடைய செயல் ஓட முடியுமா? முடியும், அதுவும் அன்றாடம்.

ஒன்று, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கிரான். டெபியனில் கிரான் வேலைகளுக்குச் சிஸ்டம்டி அமர்வு திறக்கப்படுவதில்லை. பயனரின் வேலை ‘கிரான்.சர்வீஸ்’ குழுவுக்குள்ளேயே ஓடுகிறது, அதாவது சிஸ்டம்.ஸ்லைஸில், நான் காப்பாற்ற நினைத்த 12 ஜிபியின் பக்கத்தில். ரெட்ஹேட் குடும்பத்தில் கிரானுக்கும் அமர்வு உண்டு, அங்கே இந்தச் சிக்கல் இல்லை. கிரான் சேவைக்கே மொத்தமாக 8 ஜிபி வரம்பு வைத்தேன். கூடவே ‘ஓஓஎம்பாலிசி=கன்டினியூ’ என்ற வரியும். அது இல்லாவிட்டால் ஒரே ஒரு வேலை வரம்பில் செத்தாலும் சிஸ்டம்டி கிரான் சேவையையே நிறுத்தும். பெரிய வேலை உள்ளவர்கள் தங்கள் சொந்தச் சிஸ்டம்டி டைமருக்கு மாறிக்கொள்ளட்டும் என்று ‘லிங்கர்’ அனுமதி கொடுத்தேன். அது அவர்கள் ஸ்லைஸுக்குள்ளேயே ஓடும், ஆள் லாகின் செய்திருக்க வேண்டியதும் இல்லை.

இரண்டு, உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்டும் நோட்புக்குகளைத் தரும் ஜூப்பிட்டர்ஹப். ஒரே சேவை எல்லாருடைய நோட்புக்கையும் தானே கிளப்பினால் எல்லாப் பற்றும் அந்தச் சேவையின் பேரில். இதற்கென்றே சிஸ்டம்டி ஸ்பானர் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனி அலகு திறந்து அதற்கு நினைவக வரம்பு வைக்கும். மாற்ற அரை நாள் ஆனது.

மூன்று, நிரலை அதன் தேவைகளோடு கன்டெய்னர் என்ற பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கர். டாக்கர் கட்டளையை அடிப்பது பயனர். கன்டெய்னரைக் கிளப்புவது ரூட்டாக ஓடும் டாக்கர் சேவை. கன்டெய்னர் போய் உட்காருவது சிஸ்டம்.ஸ்லைஸில். பயனரின் பேரில் ஒரு பைட்டும் ஏறாது. டாக்கர் குழுவில் சேர்ப்பதே ரூட் அதிகாரம் கொடுப்பதற்குச் சமம் என்பது வேறு விஷயம். அதே வேலையை ரூட் இல்லாமல் செய்யும் பாட்மேன் பயனரின் ஸ்லைஸுக்குள்ளேயே இருக்கும். அதற்கு மாறச் சொன்னேன். முனகல் நிறைய.

செத்தவருக்குச் சேதி

வரம்பில் முட்டியவருக்குத் திரையில் தெரிவது ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல். வெளியேறு எண் 137. நோட்புக் என்றால் அதுவும் இல்லை, கெர்னல் (இங்கே நோட்புக்கின் நிரலை ஓட்டும் செயல், லினக்ஸ் கர்னல் அல்ல) செத்தது என்று மட்டும் வரும். முழு விவரம் கர்னல் பதிவேட்டில் இருக்கிறது. ‘மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி’ என்று தொடங்கினால் வேலிக்குள் நடந்த கொலை, வெறும் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்றால் சர்வர் முழுக்கத் தட்டுப்பாடு. ஆனால் டெபியனில் சாதாரணப் பயனரால் அந்தப் பதிவேட்டைப் படிக்க முடியாது.

சிகுரூப் கோப்புகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது வசதியாகப் போயிற்று. லாகின் செய்ததும் ஓடும் ஆறு வரி ஷெல் நிரல் ஒன்றை எழுதினேன். அவர் ஸ்லைஸின் ‘மெமரி.கரன்ட்’, ‘மெமரி.மேக்ஸ்’, பிறகு ‘மெமரி.ஈவென்ட்ஸ்’ கோப்பில் ‘ஓஓஎம்_கில்’ என்ற எண்ணிக்கை. மூன்றையும் எடுத்து, “உங்கள் வரம்பு 24 ஜிபி, இப்போது 19, இதுவரை வரம்பு மீறிக் கொல்லப்பட்டவை 2” என்று காட்டும். எனக்கு வரும் கேள்விகள் பாதிக்கு மேல் அதோடு நின்றன. ‘ஃப்ரீ’ கட்டளை மட்டும் இன்னும் 128 என்றே காட்டுகிறது, அது வேலியைப் பார்ப்பதில்லை. அதை நம்பி ஜாவாவை அதன் போக்கில் விட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள், ஹீப் (ஜாவா தனக்கென எடுக்கும் நினைவகம்) அளவை நீங்களே எழுதுங்கள் என்று அந்தச் செய்தியின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த 24 செயல்காரர் மறுபடி அதே நிரலை ஓட்டினார், இந்தத் தடவை 32 செயலோடு. வரம்பைத் தொட்டதும் ஒரு துணைச் செயல் செத்தது, பிறகு அடுத்தது, அதற்கு அடுத்தது. பதிவேட்டில் வரிசையாக எல்லா வரியிலும் அவருடைய ஸ்லைஸ் எண். 30 ஜிபிக்காரர் இப்போது 40 ஜிபி சலுகையில் ஓட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு எதுவுமே தெரியாது. “அண்ணா, என்னோடது மட்டும் சாகுது, சர்வர்ல ஏதாவது பிரச்சனையா?” என்று செய்தி வந்தது. லாகின் செய்யும்போது என்ன காட்டுகிறது என்று படித்துச் சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் செயல்களை ஐந்தாகக் குறைத்து ஓட்டினார்.

டாக்கரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருடைய கன்டெய்னர் இமேஜ் பாட்மேனில் அனுமதிச் சிக்கலில் நிற்கிறது. அது சரியாகும்வரை டாக்கர் கன்டெய்னர்கள் எல்லாவற்றையும் தனி ஸ்லைஸ் ஒன்றின் கீழ்த் தள்ளி, அதற்கு 16 ஜிபி மொத்த வரம்பு வைத்திருக்கிறேன். அந்த 16 இருவருக்கும் சேர்த்துத்தான், எப்படிப் பிரித்துக்கொள்வது என்று அவர்களே பேசிக்கொள்கிறார்கள்.